ஜெயசிங் குளம், ஆழம் ஆறடி

பாறைவிளை ஜெயசிங் காட்டை அழித்துவிட்டார் என்பதை ஜெயசிங்குக்கு முன்னாலேயே முத்துநாயகத்தின் சாயக்கடை தெரிந்துகொண்டது. ஒட்டிய கவரைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதை வாசிக்கும் சாமர்த்தியம் அந்தக் கடையில் நாலு பேருக்காவது உண்டு. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி ஒரு சாயா குடித்துவிட்டுக் கிளம்புவதற்குள், கவரில் இருந்த அரசாங்க முத்திரையும் ‘வனம்’ என்ற எழுத்தும் பெஞ்சு பெஞ்சாகப் போய்விட்டன.

திருவட்டாறிலிருந்து மலைப்பக்கம் போகிற பஸ்ஸில் கடைசிக்கு முந்தின நிறுத்தம் பாறைவிளை. அங்கே ஜெயசிங்குக்கு உள்ளது சரிவில் நாற்பது சென்ட் ரப்பர், அதன் நடுவில் ஓர் ஓட்டு வீடு, வீட்டுக்குக் குடை பிடித்த மாதிரி ஓர் அயனி மரம், சொர்ணம்மாள் என்று ஒரு மனைவி. இதில் கடைசியில் சொன்னதற்கு மட்டும்தான் அவர் பயப்படுவார். அப்படிப்பட்ட மனுஷன் அந்தக் கடிதத்தை நாலு தடவை வாசித்தார்.

‘தங்கள் பொறுப்பிலுள்ள 0.16 ஹெக்டேர் அடர்வனம், ஜனவரி நான்காம் தேதிக்கும் பிப்ரவரி எட்டாம் தேதிக்கும் இடையே தங்களால் அழிக்கப்பட்டது வான்வழிப் படங்களால் தெரியவருகிறது. மார்ச் இருபதாம் தேதி நேரில் வந்து விளக்கம் தரவும். வன வள மற்றும் இயற்கை இடர் எண்ணிம வரைபட மையம், தக்கலை.’

ரப்பர் மரம் தை மாதத்தில் இலை கொட்டும், மாசி கடைசியில் தளிர்க்கும். பாறைவிளையில் இது பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வானத்திலிருந்து பார்க்கிறவனுக்கு மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போல.

“ஒரு நாளும் ஒரு மரத்துல நான் கத்தி வெச்சதில்லேண்ணு எழுதிப் போடுங்க” என்றாள் சொர்ணம்மாள்.

“ஏட்டி, தெனமும் கத்தி வெச்சுத்தானே பால் வெட்டுயேன்?”

“அப்போ வாயை மூடிட்டு இரிங்க.”

வேறு காலமாக இருந்தால் ஜெயசிங் இந்த நோட்டீசுக்கே படுத்திருப்பார். ஆனால் அதே வாரம் இன்னொன்று நடந்தது. காய்ந்த சருகில் யாராவது பீடித் துண்டைப் போட்டால் தோட்டம் முழுக்கப் பற்றிக்கொள்ளும் என்று, வீட்டுக்கு மேல்பக்கம் சருகை வாரிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். சருகுக்கு அடியில் தரை பிளந்திருந்தது. ஒரு மரத்தடியில் தொடங்கி ஒன்பதாவது மரம் வரைக்கும் வளைந்து போன வெடிப்பு. அதற்கு மேலே யானை முதுகு மாதிரி ஒரு பாறை. கீழே, இருபது அடி தள்ளி, அவர் வீட்டு அடுக்களை. பால் பிடிக்கிற தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்து வெடிப்பில் வைத்துப் பார்த்தார். விளிம்பில் மாட்டிக்கொண்டு நின்றது. மறுவாரம் வைத்தபோது பாதி உள்ளே போனது.

சொர்ணம்மாள் வந்து பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பாறையைப் பார்த்தாள், பிறகு ஓட்டைப் பார்த்தாள்.

“ஜூன்ல எடவப்பாதி மழைக்கு இந்த வெள்ளம் பூரா இதுக்குள்ளயாக்கும் எறங்கும். பொறவு அந்தப் பாறை எங்க போவும்? திருவனந்தபுரத்துக்கா போவும்? நம்ம தலையிலல்லா வந்து இருக்கும்.”

கிராம அலுவலகத்தில் போய்ச் சொன்னதற்கு, மலை, மரம், மழை, மண் எதுவானாலும் இப்போது தக்கலை மேப் ஆபீஸ்தான், இங்கே ஒன்றும் கிடையாது என்று கைவிரித்தார்கள். அதைக் கேட்டதும் ஜெயசிங்குக்குச் சந்தோஷம். எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தன் மரத்தில் இலை இல்லாததைக் கண்டுபிடித்தவர்கள், ஒன்பது மர நீளத்துக்கு ஓடுகிற வெடிப்பைக் காணமாட்டார்களா? காட்டை அழித்த குற்றவாளி, மார்ச் இருபதாம் தேதி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பஸ் ஏறினார்.

போய்ச் சேர்ந்த இடமும் கல்யாண மண்டபம்தான். வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் மையம் நடந்தது. மணமேடையை அப்படியே விட்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலியில் வரைபட அதிகாரி அனில்குமார் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய மடிக்கணினி. பின்னால், முன்பு இரண்டு மயில் ஜோடியாக நின்ற சுவரில், இப்போது பெரிய திரை. உள்ளே குளிர் அப்படியொரு குளிர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்த மனுக்காரர்கள் எல்லாரும் ஒற்றைக் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார்கள்.

திரையை இயக்குவது ரெஜிலா என்று மார்த்தாண்டத்துப் பெண். ஒப்பந்த வேலை. அவள் ஜெயசிங்கின் எண்ணைத் தட்டினாள். பிப்ரவரிப் படம் வந்தது: மொட்டை. மார்ச் படம் வந்தது: பச்சை.

அனில்குமார் எழுந்து நின்றார்.

“ஜெயசிங், குற்றவாளியா உள்ள வந்தீங்க. சாதனையாளரா நிக்கிறீங்க!”

“சார், அது எல கொட்டினதாக்கும். வருஷா வருஷம் கொட்டும், பொறவு தளுக்கும்.”

“எல்லாருமே இப்படித்தான் அடக்கமா சொல்றாங்க.” அதிகாரி மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார். “நல்லா கவனிங்க. நோட்டீஸ் போட்டது பிப்ரவரி பத்து. காடு திரும்பி வந்தது மார்ச் பத்து. மூவாயிரம் பேருக்குப் போட்டோம். மூவாயிரம் பேரும் முப்பதே நாளில் காட்டை வளர்த்துட்டாங்க. ஒரு செடி நட்டோமா? இல்ல. ஒரு குடம் தண்ணி ஊத்தினோமா? இல்ல. வெறும் நோட்டீஸ்! இந்தக் காகிதத்துக்கு இவ்வளவு உரச்சத்து உண்டுன்னு உலகத்துல எவனுக்கும் இதுவரை தெரியாது. வர்ற பிப்ரவரியில் ஆறாயிரம் நோட்டீஸ் போடலாம்னு இருக்கோம்.”

கை தட்டினார்கள். ஜெயசிங்குக்கு ஒரு பொன்னாடையும் ‘அதிவேக வன வளர்ப்பாளர்’ என்று ஒரு சான்றிதழும் கிடைத்தன. பொன்னாடை குளிருக்கு நன்றாக இருந்தது. அந்தத் தெம்பில் அவர் வெடிப்பைப் பற்றிச் சொன்னார்.

ரெஜிலா படத்தைப் பெரிதாக்கினாள். பச்சை. இன்னும் பெரிதாக்கினாள். இன்னும் பெரிய பச்சை.

“வீடு எங்க?” என்றார் அனில்குமார்.

“அந்த அயனிக்க கீழயாக்கும் சார்.”

“அப்போ வீடு இல்ல.”

“இருக்கு சார். காலையில அங்க இருந்துதான் வாரேன்.”

“நீங்க எங்க இருந்து வர்றீங்கங்கிறது உங்க தனிப்பட்ட விஷயம். படத்துல வீடு இல்ல. வீடு இல்லாத இடத்துல ஆபத்து எப்படி வரும்? ஆள் இல்லாத இடத்துல மலை இடிஞ்சா அதுக்குப் பேரு பேரிடர் இல்ல. நிலவடிவ மாற்றம். அது வேற பிரிவு. அந்தப் பிரிவு இன்னும் தொடங்கல.” திரையில் ஒரு மூலையைக் காட்டினார். “அதுவும் போக, சரிவு பூஜ்யம்னு இருக்கு பாருங்க. உங்க இடம் சமதளம்.”

ஜெயசிங்கின் தோட்டத்தில் மேலே நிற்பதெல்லாம் புது மரம், குட்டை. கீழே நிற்பதெல்லாம் அவர் அப்பா வைத்த பழைய மரம், நெட்டை. மேலிருந்து பார்த்தால் தலையெல்லாம் ஒரே மட்டம். வரைபடம் தலையை மட்டும்தான் பார்த்திருந்தது. அது தெரியாமல் அவர் நாற்பது வருஷமாக மூச்சு வாங்கி மூச்சு வாங்கி அந்தச் சமதளத்தில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஒருக்கா ஆள் வந்து பாத்தா போரும் சார்.”

“அந்தக் காலம் போச்சு. தரையை நம்பி வேலை செஞ்ச காலம் அது. தரை இன்னைக்கு ஒண்ணு சொல்லும், மழை பெஞ்சா நாளைக்கு வேற ஒண்ணு சொல்லும். வரைபடத்துக்கு ஒரே நாக்கு.”

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரிடம் ரெஜிலா வந்தாள். “அண்ணா, வீடு தெரிஞ்சாத்தான் மனு ஏறும். மரத்தை வெட்டிராதீங்க, அதுக்கு வேற கேசு. ஓட்டு மேலயும் முத்தத்துலயும் ஏதாவது பெரிசா விரிச்சுப் போடுங்க. அஞ்சு நாளைக்கு ஒருக்கா சாட்டிலைட்டு மேல வரும். கண்ணுல படும்.”

ஜெயசிங்கிடம் பெரிசாக இருந்தது, ரப்பர் ஷீட் நனையாமல் மூடி வைக்கிற நீலத் தார்ப்பாய்தான். அயனி நிழல் விழாத முற்றம், பாதி ஓடு, பக்கத்துக் கொட்டகை மூன்றையும் சேர்த்து இழுத்துக் கட்டினார். தினமும் காலையில் மேலே பார்த்து ஒரு கும்பிடும் போட்டார். முத்துநாயகம் சாயக்கடையிலிருந்தே கூவினார்:

“ஓய் ஜெயசிங், சாடலைட்டு வந்தா நம்ம கடையையும் ஒருக்கா காட்டிக் குடும். ரோட்டுல போறவனுக்குத்தான் தெரிய மாட்டேங்குவு.”

ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. வேனில் வந்தது, ஓர் இரும்புப் பலகையாக. இரண்டு பேர் அதைத் தெருவில் போட்டுவிட்டு, மேலே ஏற தங்களுக்கு உத்தரவு இல்லை என்று போய்விட்டார்கள். ஜெயசிங்கும் சொர்ணம்மாளும் சுமந்து வந்து முற்றத்தில் சாய்த்துவைத்து வாசித்தார்கள்.

‘நீர்நிலை எண் 417. ஜெயசிங் குளம். ஆழம் ஆறடி. குளிப்பதும் துணி துவைப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது.’

சொர்ணம்மாள் பலகையை இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு வார்த்தை மொத்தமாக வந்தது.

“ஆறடி வெள்ளத்துக்கு அடியிலயா நான் இத்தனை நாளும் சோறு பொங்குயேன்? இந்த வேகாத சோறுக்குக் காரணம் இப்பமல்லா தெரியுது! வீடு தெரியணும்ணு போன மனுஷன் வீட்டை முக்கிட்டு வந்து நிக்கியாரு. போங்க, போய் மீனு வாங்கி விடுங்க. வெறும் குளமா கெடந்தா ஊருக்காரன் என்ன செல்லுவான்?”

வெடிப்பில் சிரட்டை இப்போது முழுசாக உள்ளே போய் நின்றது. கோடை மழை இரண்டு தடவை அடித்திருந்தது.

ஜெயசிங் மறுபடியும் தக்கலைக்குப் போனார். அன்று அனில்குமார் நல்ல மகிழ்ச்சியில் இருந்தார். இந்த வருஷம் மட்டும் மாவட்டத்தில் நாற்பத்தொரு புதிய குளங்கள் தோன்றியிருக்கின்றன, அதிலும் பெரும்பாலானவை மழைக்காலம் நெருங்கும்போது தானாகவே பெருகுகின்றன என்று யாருக்கோ போனில் விளக்கிக்கொண்டிருந்தார். அது குளம் இல்லை, தார்ப்பாய் என்றார் ஜெயசிங்.

“நீர்ப்பரப்புக்கு உள்ள எல்லா லட்சணமும் இருக்கு. நீலம், வழவழப்பு, பளபளப்பு. தண்ணி ஒண்ணுதான் இல்ல. அந்த ஒரு குறைக்காக எடுக்க முடியுமா?”

“அப்போ எனக்க வீடு?”

“குளத்துக்குள்ள வீடு கட்டினா அது ஆக்கிரமிப்பு ஜெயசிங். நீங்க பொன்னாடை வாங்கினவர். அதனால நான் அதைக் கேக்கல.”

ஜெயசிங் வெடிப்பை மறுபடி சொன்னார். கையால் அகலத்தைக் காட்டினார். பாறையைக் காட்ட இரண்டு கையும் போதவில்லை. ‘வீட்டுல பொம்பளை இருக்கா சார்’ என்றார். மேடையில் இருந்தவர் கனிவாகவே பதில் சொன்னார்.

“புகாருக்கு நாங்க நேர்ல வர விதி இல்ல. திரையில் பார்த்துத் தீர்ப்போம். குற்றத்துக்குத்தான் நேர்ல வரணும். மகஜர் எழுதணும், எல்லை அளக்கணும், படம் எடுக்கணும். நீங்கதான் நல்லவராச்சே.”

வெளியே வரும்போது ரெஜிலா, தலையை நிமிர்த்தாமல், கணினியிடம் பேசுகிற மாதிரி பேசினாள். “கட்டினதை அவுத்தா குளம் காணாமப் போவும்லா அண்ணா.”

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றக்கூட இல்லை. தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டினார். ஐம்பத்தெட்டு வயதில், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத மனுஷன், முழு மனசோடு ஒரு குளத்தை அழித்தார்.

எட்டே நாளில் நோட்டீஸ்: நீர்நிலை அழிப்பு, கடும் குற்றம், மே இருபத்தெட்டாம் தேதி நேரடி ஆய்வு. அந்தக் காகிதத்தைப் பார்த்து சொர்ணம்மாள் அழுதே விட்டாள். “வாரானுவ. கடைசியில வாரானுவ.” முந்தின நாளே முற்றம் பெருக்கி, வெடிப்புக்குப் போகிற வழியில் செடியெல்லாம் வெட்டி, பலாப்பழம் ஒன்றும் அறுத்து வைத்தாள்.

ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். அனில்குமார் கையில், வரைபடம் ஓடுகிற ஒரு பெரிய டேப்லெட். அதைப் பார்த்தபடியே படியேறி, அதைப் பார்த்தபடியே ஜெயசிங்கைத் தாண்டி, வீட்டுக்குள் போய் அடுக்களையில் நின்றார். பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டார்.

“எழுதுங்க. குளத்தின் நடுப்பகுதி இதுதான். நடுப்பகுதியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மீன் குழம்பு காணப்பட்டது.”

“குழம்பை எழுதினியளே, மீனை உயிரோட பாத்தோம்ணும் எழுதுங்க” என்றாள் சொர்ணம்மாள். கூட வந்தவர் அதையும் எழுதினார்.

“சார், ஒருக்கா மேல பாருங்க” என்று ஜெயசிங் கெஞ்சினார். “அந்தால இருபது அடிதான். வெடிப்பு.”

“என் கோப்பில் இருப்பது குளம். இன்னொரு கோப்பில் இருப்பதை இந்தக் கோப்புக்கு வந்த ஜீப்பில் போய்ப் பார்க்கக் கூடாது. முதல்ல வடக்கு எல்லை.”

வடக்கு எல்லை தெய்வாதீனமாக மேல்பக்கம் இருந்தது. அனில்குமார் டேப்பில் நகர்கிற புள்ளியைப் பார்த்துக்கொண்டே ஏறினார். பன்னிரண்டு அடி, பதினைந்து, பதினெட்டு. “சார், பாத்து, பாத்து” என்று ஜெயசிங் கத்துவதற்குள் அதிகாரியின் இடது கால் தொடை வரைக்கும் பூமிக்குள் போய்விட்டது.

மேலே பாறையடியிலிருந்து கொஞ்சம் பொடிமண் சரிந்து வந்து அவர் மடியில் விழுந்தது.

“சார், காலை எடும்.”

“பொறுங்க.” அவர் டேப்பைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். “இது சமதளம்.”

“காலு உள்ளல்லா கெடக்கு?”

“கருவியில் பிழை இல்ல. நாலு தடவை சரிபார்த்தது. காலில்தான் ஏதோ பிழை.”

மூன்று பேர் சேர்ந்து அவரை இழுத்தார்கள். கால் வந்தது, ஷூ வரவில்லை. குனிந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத ஆழம். ஜெயசிங்குக்கு உள்ளுக்குள் ஒரு வெளிச்சம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அதிகாரியின் காலே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. நொண்டிக்கொண்டு ஜீப்பில் ஏறும்போது அனில்குமாரும் அவர் கையைப் பிடித்துச் சொன்னார்: “இதை நான் சும்மா விடமாட்டேன். இன்னைக்கே வரைபடத்தில் ஏத்துறேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று சாயந்திரமே பாறைவிளையில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. ரெஜிலா படம் பிடித்து ஜெயசிங்குக்கு அனுப்பியிருந்தாள். புள்ளிக்குப் பக்கத்தில் விவரம் இருந்தது: ‘பணியின்போது அதிகாரி காயமுற்ற இடம். கடும் இடர். மறு உத்தரவு வரை அலுவலர் எவரும் இந்த இடத்துக்குச் செல்லக் கூடாது.’

வருவாய்த் துறை, காட்டுத் துறை, தீயணைப்பு, மின்வாரியம், தபால்காரர் உட்பட எல்லாருடைய போனுக்கும் தினமும் காலையில் எச்சரிக்கை போனது. ஜெயசிங் அலுவலர் இல்லை. அதனால் அவருக்குப் போகவில்லை. பாறையை உடைத்து இறக்க ஆள் கேட்டுப் போன இடத்தில் எல்லாம், ஐயோ, அந்த இடமா, ரொம்ப ஆபத்தான இடமாச்சே, போனில் வந்ததே என்று அவருக்கே சொன்னார்கள்.

சொர்ணம்மாள் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல வீடு இருக்கா?”

“இல்ல.”

“செரி. அவனுவளுக்கு ஆபத்துண்ணா நமக்கும் ஆபத்துதான். சாமானைக் கெட்டுங்க. குலசேகரத்துல தங்கச்சி வீட்டுக்குப் போவோம்.”

“எத்தனை நாளைக்குப் பிள்ளே?”

அவள் அடுப்பை மெழுகி, கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இடவப்பாதி அந்த வருஷம் சொன்ன தேதிக்கு வந்தது. விடாமல் மூன்று நாள் பெய்து, நாலாம் நாள் மத்தியானம் பாறை இறங்கியது. சத்தம் சாயக்கடை வரைக்கும் கேட்டது. முத்துநாயகம் கையில் இருந்த டம்ளரை வைக்காமலே ஓடினார் என்பார்கள். அவர் போய்ப் பார்த்தபோது அடுக்களை, முற்றம், அயனி, நாற்பது ரப்பர் ஒன்றும் இல்லை. சிவந்த சேறும் அதன்மேல் யானை மாதிரி படுத்திருந்த பாறையும்தான். குலசேகரத்திலிருந்து ஓடிவந்த சொர்ணம்மாள் சேற்றின் ஓரத்தில் நின்று, இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வீடு போனதற்கு நிவாரணம் கேட்டு ஜெயசிங் எழுதிய மனுவுக்கு மையம் ஒரு வாரத்தில் பதில் போட்டது. மழைக்கு முந்தைய படத்தில் வீடு இல்லை. மழைக்குப் பிந்தைய படத்திலும் வீடு இல்லை. ஆகவே மாற்றம் ஏதும் இல்லை. மேலும், மேற்படி இடத்தில் இருந்த வெடிப்பு புதிய படத்தில் காணப்படாததால் இடர் நீங்கிவிட்டதாகக் கருதிச் சிவப்புப் புள்ளி அகற்றப்படுகிறது.

அதே உறைக்குள் இன்னொரு காகிதமும் இருந்தது. 0.08 ஹெக்டேர் அடர்வனத்தைத் தாங்கள் மீண்டும் அழித்துள்ளீர்கள், முன்பு கௌரவிக்கப்பட்டவர் என்பதால் இது மிகுந்த வருத்தத்துக்குரியது, ஏழு நாளில் விளக்கம் தரவும்.

ஜெயசிங் ஏழு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. மைத்துனி வீட்டுத் தரையில் உட்கார்ந்து அன்றைக்கே எழுதினார். எழுதியதை சொர்ணம்மாளுக்கு வாசித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, உள்ளே போய், கழுவிக் காயவைத்திருந்த ஒன்றைப் பழைய பேப்பரில் பொதிந்து கொண்டுவந்து வைத்தாள்.

‘மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு. மரங்களைச் சாய்த்தது நானல்ல, மலை. அது இப்போது என் வீட்டில்தான் தங்கியிருக்கிறது. திரும்பிப் போகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. எப்போது வந்தாலும் விசாரிக்கலாம். சமதளம்தான், ஏறச் சிரமம் இருக்காது.

இணைப்பு: இடது கால் ஷூ ஒன்று. வரும்போது மலை கையோடு கொண்டுவந்தது.’